டிராம் வண்டியா, நீராவி ரயிலா, 1909-ஆம் ஆண்டு விமானமா? இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் ஒரு நாள்

கோடையில் ஊரிலிருந்து லண்டனுக்கு அம்மா அப்பா வந்திருப்பார்கள். பிக் பென், டவர் பிரிட்ஜ், நீஸ்டன் கோயில் எல்லாம் முதல் இரண்டு வாரத்திலேயே முடிந்திருக்கும். அடுத்து எங்கே? பிள்ளைகளுக்குப் பிடிக்க வேண்டும், பெரியவர்களுக்குக் கால் வலிக்கக் கூடாது, லண்டன் நெரிசலை விட்டுக் கொஞ்சம் வயல்வெளியும் பார்க்க வேண்டும். இந்த மூன்றுக்கும் ஒத்துவருவது பழைய போக்குவரத்து அருங்காட்சியகங்கள்தான் என்பது என் கட்சி. அவற்றுக்கு இங்கே பஞ்சமும் இல்லை. கைவிட்ட ரயில் பாதை, மூடிய கல்குவாரி, பழைய விமானத்தளம் என்று எங்கெங்கோ ஆர்வலர்கள் கூடி எதையாவது காப்பாற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் எதற்குப் போவது? நான் எடைபோடுவது முக்கியமாக ஐந்து இடங்களை: டெர்பிஷயரின் கிரைச் டிராம் கிராமம், ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரின் டிட்காட் ரயில்வே சென்டர், சஸ்ஸெக்ஸின் புளூபெல் ரயில்வே, பெட்ஃபோர்ட்ஷயரின் ஷட்டில்வர்த் விமானத் தொகுப்பு, வாரிக்ஷயரில் கேடனில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம்.

பலரும் தூரத்தையும் டிக்கெட் விலையையும் வைத்து முடிவெடுக்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது நாட்காட்டியை. மியூசியம் திறந்திருக்கும் நாள் வேறு, வண்டி ஓடுகிற நாள் வேறு. டிட்காட்டில் கதவு திறந்திருக்கும், ஆனால் எஞ்சின்கள் எல்லாம் ஆறிக் கிடக்கும் நாட்கள் உண்டு. ஷட்டில்வர்த்தில் ஹேங்கருக்குள் நுழைந்து எல்லா விமானத்தையும் பார்த்துவிட்டு, ஒன்றுகூடப் பறப்பதைப் பார்க்காமல் திரும்பலாம். கரி எரியாத நாளில் டிட்காட்டுக்குப் போவதைவிட, அதே நாளில் ஏதாவது ஒன்று ஓடுகிற வேறு சின்ன இடத்துக்குப் போவது மேல். இந்த ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

அந்தக் கணக்கில் கிரைச் முந்திக்கொள்கிறது. அங்கே பருவம் தொடங்கிவிட்டால் திறந்திருக்கும் நாளெல்லாம் டிராம் ஓடும். வசந்தத்தில் தொடங்கி இலையுதிர்காலம் வரைதான் பருவம். வாரத்தில் ஏதாவது ஒரு கிழமை மூடுவதும் உண்டு, அதை மட்டும் சரிபார்த்துக்கொண்டால் போதும்.

கிரைச்சின் கதை 1948-ல் சவுத்தாம்ப்டனில் ஆரம்பிக்கிறது. டிராம்களை ஒழித்துக்கட்டிக்கொண்டிருந்த அந்த நகரத்துக்குக் கடைசியாக ஒருமுறை சவாரி போக வந்த ஆர்வலர்கள், 45-ஆம் எண் டிராமைப் பத்து பவுண்டு கொடுத்து வாங்கிவிட்டார்கள். வாங்கியாயிற்று, வைக்க இடம்? ஆண்டுக்கணக்கில் அலைந்து, 1955-ல் சங்கம் அமைத்து, 1959-ல்தான் டெர்பிஷயரில் மலைமேல் இருக்கும் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் இடம் பிடித்தார்கள். அந்தக் குவாரியிலிருந்து ஆம்பர்கேட் சூளைகளுக்குக் கல் கொண்டுபோகக் குறுகிய ரயில் பாதை போட்டவர் ஜார்ஜ் ஸ்டீபன்சன். அந்தப் பாதையின் தண்டவாளங்களை வேல்ஸில் ஒரு சின்ன ரயிலைக் காப்பாற்றிக்கொண்டிருந்தவர்கள் கழற்றி எடுத்துப்போக வந்தபோதுதான் குவாரி இவர்கள் கண்ணில் பட்டது. 1963-ல் குதிரை டிராம், 1964-ல் மின்சார டிராம். இன்று ஒரு மைல் பாதை இருக்கிறது: டவுன் எண்டில் ஏறினால் கருங்கல் பாவிய தெரு, இரும்புப் பாலம், பூங்கா, பிறகு காடு, கடைசியில் குளோரி மைன் என்ற பழைய ஈயச் சுரங்கத்தடி.

தெருவில் நிற்கும் கட்டடங்களும் வெவ்வேறு ஊர்களில் இடிபடவிருந்தவை. ரெட் லயன் மதுக்கடை ஸ்டோக்-ஆன்-ட்ரென்டிலிருந்து பெயர்த்து வந்தது. எதிரே இருக்கும் கம்பீரமான கல்முகப்பு டெர்பி நகரத்தில் அசெம்பிளி ரூம்ஸ் என்ற பழைய பொதுக்கூடத்துடையது. ஊரே இரவல்தான், ஆனால் டிராம் உள்ளே நுழையும்போது அந்த நினைப்பு வராது.

நுழைவாயிலில் கையில் ஒரு பழைய பென்னி கொடுப்பார்கள். தசம நாணயம் வருவதற்கு முந்தைய, உள்ளங்கையை நிறைக்கும் பெரிய செப்பு நாணயம். அதை டிராமில் நடத்துனரிடம் கொடுத்தால் டிக்கெட். அன்று முழுவதும் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம். பிள்ளைகளுக்கு இதுவே பாதித் திருவிழா. மீதிப் பாதி கடைசி நிறுத்தத்தில் இருக்கிறது. டிராமுக்குத் திரும்பும் வசதி கிடையாது. ஓட்டுநர் கைப்பிடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு மறுமுனைக்கு நடப்பார். நடத்துனர் கீழே இறங்கி, கூரைமேல் கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும் நீண்ட கம்பத்தை இழுத்துத் தாழ்த்தி, அரைவட்டமாக நடந்து கொண்டுபோய், மறுபக்கம் கம்பியில் சக்கரத்தைப் பொருத்துவார். முதல் தடவையிலேயே சரியாக உட்காராது; அண்ணாந்து பார்த்தபடி அங்கும் இங்கும் ஆட்டித்தான் பிடிக்க வேண்டும். அதற்குள் உள்ளே இருப்பவர்கள் இருக்கைகளின் சாய்மானத்தைப் படார் படாரென்று எதிர்ப்பக்கம் தள்ளிவிட வேண்டும். இந்த வேலையை நம் பிள்ளைகளிடம் விட்டுவிட்டால் வரிசை வரிசையாகத் தட்டிக்கொண்டே போவார்கள்.

சென்னையில் மின்சார டிராம் 1895-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. லண்டன் தெருக்களில் மின்சார டிராம் சேவை தொடங்கியது 1901-ல்தான். சென்னை டிராம் 1953-ல் நின்றது, லண்டனில் அதற்கு முந்தைய ஆண்டே நின்றுபோனது. எண்பதைத் தாண்டிய சென்னைக்காரர் யாராவது உங்களுடன் வந்திருந்தால் கிரைச்சைத் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டாம். மற்றவர்களுக்கு அது கண்காட்சி, அவருக்கு அது பழைய தினசரி வாழ்க்கை.

குறைகளும் சொல்ல வேண்டும். லண்டனிலிருந்து ஒரே நாளில் போய்வர நீண்ட தூரம். எம்-1 நெடுஞ்சாலையின் 28-ஆவது சந்திப்பில் பிரிந்து காரில் போவதுதான் நடைமுறை. ரயிலில் போனால் வாட்ஸ்டாண்ட்வெல் என்ற சின்ன ஸ்டேஷனில் இறங்கி, ஒரு மைலுக்கு மேல் செங்குத்தாக ஏற வேண்டும். பெரியவர்களை வைத்துக்கொண்டு அது வேண்டாம். மலை உச்சி என்பதால் ஜூலையிலும் காற்று அடிக்கும், ஸ்வெட்டர் அவசியம். கல் பாவிய தெருவில் சக்கர நாற்காலி தள்ளுவது சிரமம். ஆனால் சக்கர நாற்காலியோடு ஏற லிஃப்ட் பொருத்திய பெர்லின் டிராம் ஒன்று வைத்திருக்கிறார்கள். முன்னாலேயே போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போங்கள்.

கார் இல்லாதவர்களுக்குக் கேள்வியே வேறு. அவர்களுக்கு டிட்காட்டா புளூபெல்லா என்பதுதான் முடிவு. இரண்டிலும் நீராவி எஞ்சின் இருப்பதால் ஒன்றுக்கு ஒன்று மாற்று என்று நினைத்துவிடாதீர்கள். டிட்காட்டில் எஞ்சின் எப்படி வாழ்ந்தது என்று பார்க்கலாம். புளூபெல்லில் அது எங்கே போனது என்று பார்க்கலாம்.

டிட்காட் போவதைப்போல் எளிது வேறில்லை. பேடிங்டனில் ஏறி டிட்காட் பார்க்வேயில் இறங்கினால், ஸ்டேஷன் சுரங்கப்பாதையின் உள்ளேயே வாசல். ஓடிக்கொண்டிருக்கும் ரயில் பாதைகளுக்கு நடுவே தீவாகச் சிக்கிய இடம் அது; காரில் வாசல்வரை வர வழியே கிடையாது. சுரங்கப்பாதையிலிருந்து மேலே வரப் படி ஏற வேண்டும், முழங்கால் வலி உள்ளவர்கள் அதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

உள்ளே 1932-ல் கட்டிய அசல் எஞ்சின் ஷெட், கரி நிரப்பும் மேடை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதனதன் இடத்திலேயே நிற்கின்றன. கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே என்ற ஒரே கம்பெனிக்கான தலம் இது. அந்தக் கம்பெனியின் முதல் எஞ்சினியர் புரூனல் தண்டவாளங்களுக்கு இடையே ஏழடிக்கு மேல் இடைவெளி விட்டார். நம்மூர் அகலப் பாதை ஐந்தரை அடி. இங்கிலாந்தின் மற்ற கம்பெனிகளுக்கு நாலடி எட்டரை அங்குலம். ஒரு பாதையில் வந்த சரக்கை இன்னொரு பாதைக்கு ஏற்ற வேண்டுமானால் மூட்டை மூட்டையாகக் கைமாற்ற வேண்டியிருந்தது. அதற்கென்றே கட்டிய மரக் கொட்டகை டிட்காட்டில் இன்னும் இருக்கிறது: ஒரு பக்கம் அகலத் தண்டவாளம், மறுபக்கம் குறுகியது, நடுவில் மேடை. 1892 மே மாதம் ஒரே வாரக்கடைசியில் ஆயிரக்கணக்கான ஆட்களை இறக்கி, மிச்சமிருந்த அகலப் பாதையையும் மாற்றி முடித்தார்கள். இந்தக் கொட்டகையில் சற்று நேரம் நின்றால், தொழில்நுட்பத்தில் சிறந்தது எதற்காகத் தோற்றது என்று பொறியாளர்கள் மணிக்கணக்கில் வாதாடலாம்.

எஞ்சின்களில் பெண்டென்னிஸ் காசிலைத் தேடிப் பாருங்கள். 1924-ல் செய்தது. 1977-ல் ஆஸ்திரேலியாவின் இரும்புத்தாதுக் கம்பெனி ஒன்று அதை வாங்கி பில்பரா பாலைவனத்துக்குக் கொண்டுபோனது. 2000-ல் திரும்பி வந்தது. பழுதுபார்க்க இருபது ஆண்டுக்கு மேல் பிடித்து, 2022-ல்தான் மறுபடி நீராவி விட்டது. இவ்வளவு பொறுமை எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிவதேயில்லை.

டிட்காட்டின் பலவீனம் பயணம் இல்லாதது. நீராவி நாட்களில் சவாரி உண்டு, ஆனால் வளாகத்துக்குள்ளேயே போய்த் திரும்புகிற சின்னப் பாதைதான். ரயில் என்றால் ஜன்னலோரம் உட்கார்ந்து மரம் ஓடுவதைப் பார்ப்பது என்று நினைப்பவர்கள் அரைமணியில் சலித்துவிடுவார்கள். எங்கள் வீடுகளில் அம்மாக்கள் பெரும்பாலும் இந்த வகை. அப்பாக்களை வெளியே இழுத்து வருவதுதான் பாடு.

அந்த அம்மாக்களுக்குப் புளூபெல். லண்டன் விக்டோரியாவில் ஏறி ஈஸ்ட் கிரின்ஸ்டெடில் இறங்கினால், நடந்துபோகும் தொலைவில் நீராவி ரயில் நிற்கும். அங்கிருந்து ஷெஃபீல்ட் பார்க் வரை 11 மைல், நாற்பது நிமிடம் போல. தைத்த பஞ்சு இருக்கை, தோல்பட்டை போட்டு இறக்கும் ஜன்னல், சஸ்ஸெக்ஸ் வயல்கள், ஒரு நீளமான சுரங்கம். தலையை வெளியே நீட்டினால் கண்ணில் கரித்தூள் நிச்சயம். ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் போனால் பாதையோரக் காடுகளில் தரையெல்லாம் நீலப்பூ. பாதைக்குப் பேர் வந்ததே அதனால்தான்.

இந்தப் பாதை பிழைத்த கதை நீதிமன்ற நாடகம் மாதிரி. 1955-ல் பிரிட்டிஷ் ரயில்வே இதை மூடியது. பக்கத்து ஊரில் இருந்த மேட்ஜ் பெஸ்ஸமர் என்ற பெண்மணி, பாதை போட்டபோது நிறைவேற்றிய பழைய சட்டத்தைத் தேடி எடுத்துப் படித்தார். தினமும் நான்கு ரயில் ஓட்டியே ஆக வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. வேறு வழியில்லாமல் 1956-ல் மறுபடி திறந்தார்கள், ஆனால் யாரும் ஏறாதபடி வேண்டாவெறுப்பாக ஓட்டினார்கள். பிறகு நாடாளுமன்றத்தில் அந்தச் சட்டத்தையே நீக்கி 1958-ல் மூடினார்கள். 1960-ல் ஆர்வலர்கள் கையில் எடுத்து ஓட்டத் தொடங்கினார்கள். வழக்கமான அகலமுள்ள பாதையில் பயணிகளை ஏற்றிய முதல் மீட்பு ரயில்களில் இதுவும் ஒன்று. ஈஸ்ட் கிரின்ஸ்டெட் வரை வந்து சேர 2013 ஆனது. காரணம், நடுவில் இருந்த பள்ளத்தில் நகராட்சி பல ஆண்டு வீட்டுக் குப்பையைக் கொட்டி மேடாக்கியிருந்தது. அதைத் தோண்டி, பெரும்பகுதியை ரயிலிலேயே ஏற்றி அனுப்பிய பிறகுதான் தண்டவாளம் போட முடிந்தது. இன்று அந்த இடத்தைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் புல் சரிவு மட்டும்தான் தெரியும்.

நிறுத்தங்களை ஒவ்வொரு காலத்துக்கு ஒன்றாக வைத்திருக்கிறார்கள்: ஷெஃபீல்ட் பார்க் விக்டோரியா ராணி காலம், ஹார்ஸ்டெட் கெய்ன்ஸ் இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே, கிங்ஸ்கோட் 1950-கள். எஞ்சின் ஷெட்டும் கண்காட்சிக் கூடமும் ஷெஃபீல்ட் பார்க்கில். அதனால் ஈஸ்ட் கிரின்ஸ்டெடில் ஏறி நேராகக் கடைசிவரை போய்விட்டு, திரும்பும்போது ஹார்ஸ்டெட் கெய்ன்ஸில் இறங்கி அடுத்த ரயில்வரை உட்காருவது நல்ல திட்டம். அங்கே புல்வெளியில் எலுமிச்சை சாதத்தைப் பிரிக்கலாம். ஷெஃபீல்ட் பார்க் அருகே நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்பு பராமரிக்கும் பெரிய தோட்டமும் இருக்கிறது. அந்தத் தோட்டத்துப் பிரபுவின் பெயரில்தான் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுக் கிரிக்கெட் போட்டியான ஷெஃபீல்ட் ஷீல்ட். கிரிக்கெட் பைத்தியங்களைக் கூட்டிவர இதைச் சொன்னால் போதும்.

ஷட்டில்வர்த்தை இந்த வரிசையில் வைப்பதே கொஞ்சம் அநியாயம். நல்ல நாள் அமைந்தால் மற்ற நான்கும் அதற்கு முன் நிற்காது. அமையாவிட்டால் ஐந்தில் கடைசி. ரிச்சர்ட் ஷட்டில்வர்த் என்ற பணக்கார இளைஞர் பழைய விமானங்களையும் கார்களையும் சேர்த்தார், கார்ப் பந்தயமும் ஓட்டினார். 1940-ல் விமானப்படையில் இரவுப் பயிற்சியின்போது இறந்துபோனார். அவருடைய தாய் அவர் நினைவாக அறக்கட்டளை அமைத்தார். ஓல்ட் வார்டன் கிராமத்தில் அவருடைய புல் ஓடுபாதை இன்னும் புல்லாகவே இருக்கிறது.

அங்கே 1909-ல் செய்த பிளேரியோ விமானம் ஒன்று உண்டு, இன்னும் பறக்கும் நிலையில். மரச்சட்டம், துணி, சைக்கிள் சக்கரம், மூன்று சிலிண்டர் எஞ்சின். அதை வெளியே தள்ளிவருவது ஏர் ஷோவின் கடைசியில், பொழுது சாயும்போது, காற்று அடியோடு விழுந்தால் மட்டும். ஓடுபாதைமேல் நேர்கோட்டில் ஒரு துள்ளல், அவ்வளவுதான். ஒரு இலை ஆடினாலும் உள்ளேயே வைத்துவிடுவார்கள். முதல் உலகப்போர்க் கால விமானங்கள் கிளம்பும்போது மூக்கில் ஏறும் வாசனை உங்களுக்குத் தெரிந்ததுதான்: விளக்கெண்ணெய். அந்தச் சுழல் எஞ்சின்களுக்கு அதுதான் மசகு. சிவப்பாக, இரண்டு எஞ்சினோடு நிற்கும் காமெட் 1934-ல் இங்கிலாந்திலிருந்து மெல்போர்ன் வரை நடந்த போட்டியில் வென்றது. வழியில் அது இறங்கி எண்ணெய் போட்டுக்கொண்ட இடங்களில் அலகாபாத்தும் ஒன்று.

போவதென்றால் ஏர் ஷோ நாளில், அதுவும் மாலைக் காட்சி இருக்கும் நாளில் போங்கள். டிக்கெட் விலை கூடுதல்தான். காற்றை யாரும் உத்தரவாதம் செய்ய முடியாது என்பதைப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிகிள்ஸ்வேட் வரை ரயில் வரும், அதற்கு மேல் டாக்ஸி. மடக்கு நாற்காலியும் குளிருக்குப் போர்வையும் கொண்டுபோங்கள். இங்கிலாந்தில் ஆகஸ்டு மாலையை நம்பக் கூடாது.

கேடன் மழைநாளுக்கு. முழுக்க உள்ளரங்கம், தரை சமதளம், சக்கர நாற்காலிக்கும் தள்ளுவண்டிக்கும் பிரச்சனையே இல்லை, ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும். 1959-ன் முதல் மினி உட்பட முந்நூறு கார்களுக்கு மேல் இருக்கின்றன. ஆனால் எல்லாம் நின்றுகொண்டிருக்கும். என் விதிப்படி அதனால்தான் பின்னால் போகிறது. நம்மவர்களுக்கு ஒரு தனிச் சுவை உண்டு: கோவென்ட்ரியில் ஸ்டாண்டர்ட் கம்பெனி செய்த கார்களைத்தான் சென்னையில் ஸ்டாண்டர்ட் 10, ஹெரால்ட் என்று செய்து விற்றார்கள். அந்தக் குடும்பத்துக் கார்களைக் கண்டால் அப்பாக்கள் நகரமாட்டார்கள். லாரி, பஸ் பிடிக்கும் என்றால் கேடனை விட்டுவிட்டு லங்காஷயரில் லேலண்ட் ஊரிலேயே இருக்கும் வணிக வாகன அருங்காட்சியகத்துக்குப் போகலாம். எண்ணூரில் நம் அசோக் லேலண்டுக்குப் பெயரின் பாதியைக் கொடுத்த ஊர் அது. நியூ ஃபாரஸ்டில் பியூலியும் இருக்கிறது. கேடனைவிட அழகான சூழல், கூடவே அரண்மனையும் மடமும் உண்டு, நிலத்தில் வேக சாதனை படைத்த கார்களும் அங்கேதான். கார் பைத்தியமும் கார் பிடிக்காதவரும் ஒரே வண்டியில் போவதாக இருந்தால் பியூலி.

பணம் ஒரு பிரச்சனை என்றால் இவை எதுவும் வேண்டாம், நார்தாம்ப்டன்ஷயரில் ஸ்டோக் புரூயர்ன் கிராமத்துக்குப் போங்கள். மில்டன் கீன்ஸ்காரர்களுக்கு வீட்டு வாசல். கால்வாய்க் கரையில் நடக்கக் காசு கேட்பாரில்லை. நீர்மட்டத்தை உயர்த்தித் தாழ்த்தும் மதகுகளில் குறுகிய படகுகள் ஏறி இறங்குவதை வேடிக்கை பார்க்கலாம். கை கொடுத்தால் படகுக்காரர்கள் மறுக்கமாட்டார்கள். சற்று நடந்தால் 1805-ல் திறந்த பிளிஸ்வர்த் சுரங்கம், ஏறத்தாழ 2.8 கிலோமீட்டர். படகை இழுக்கும் குதிரை உள்ளே நடக்க வழியில்லாததால், படகின் குறுக்கே போட்ட பலகையில் ஆட்கள் மல்லாந்து படுத்து, சுவரைக் காலால் உதைத்து உதைத்தே படகைத் தள்ளிக்கொண்டு போனார்கள். சுரங்க வாயிலில் குனிந்து பார்த்தால் மறுமுனை வெளிச்சம் வெகு தொலைவில் பொட்டாகத் தெரிந்தாலும் தெரியும், தெரியாமலும் போகும்.

டிக்கெட் வாங்கும்போது இரண்டு விஷயம். இங்கே வருமான வரி கட்டுபவரானால் கிஃப்ட் எய்ட் பெட்டியில் டிக் போடுங்கள்; அந்த இடத்தை நடத்தும் அறக்கட்டளைக்கு ஒரு பவுண்டுக்கு 25 பென்ஸ் அரசிடமிருந்து கிடைக்கும். பதிலுக்குச் சில இடங்கள் ஒரே டிக்கெட்டில் ஆண்டு முழுவதும் வரவிடுகின்றன, வாங்குமுன் கேளுங்கள். இன்னொன்று, மழையே இல்லாத கோடையில் பாதையோரப் புல் தீப்பிடிக்கும் என்று நீராவியை நிறுத்திவிட்டு டீசல் எஞ்சினை மாட்டிவிடுவார்கள். வெயில் வாட்டிய வாரத்தில் புளூபெல் போவதாக இருந்தால் காலையில் ஒருமுறை அவர்கள் தளத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். டிசம்பரில் கிறிஸ்துமஸ் தாத்தா ஏறும் சிறப்பு ரயில்களுக்கு இலையுதிர்காலத்திலேயே இடம் தீர்ந்துவிடும். கூட்டமும் சத்தமும் அதிகம், எஞ்சினைப் பார்க்க அது நாளும் அல்ல. குளிர்காலத்தில் பெற்றோர் வந்திருந்தால் கேடன்தான், வேறு வழியில்லை.